குளம், பொட்டல், பூங்கா: ஊர்ப் பசுமையைக் காக்க இறங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெருக்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு குளத்தையோ பூங்காவையோ மேய்ச்சல் நிலத்தையோ காப்பாற்ற இறங்கும்போது ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். இதில் வரும் சட்டமும் பருவமும் மரங்களும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கானவை. மலைப்பகுதிக்குப் பல பதில்கள் பொருந்தாது.

1. எங்க ஊர்ல ஒரு குளம் இருக்கு, பக்கத்துல பொட்டல் இருக்கு. ஏதாவது செய்யணும்னு நாலு பேர் சேர்ந்திருக்கோம். மரம் நடுறதுல ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். மரம் நடுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, படம் எடுக்கத் தோதானது. அதனாலேயே எல்லாரும் அங்கே தொடங்கி, ஒரு கோடையோடு சோர்ந்துபோகிறார்கள். முதல் மூன்று மாதம் மண்வெட்டியைத் தொடாமல் இரண்டு காரியங்களை முடியுங்கள்: அந்த இடம் காகிதத்தில் யாருடையது, அங்கே இப்போது என்னென்ன வாழ்கிறது. முதலாவது தெரியாமல் நட்டால் ஒருநாள் யாராவது வந்து பிடுங்குவார்கள். இரண்டாவது தெரியாமல் நட்டால் இருப்பதை நீங்களே அழித்துவிடுவீர்கள் (7-ஆம் கேள்வியைப் பாருங்கள்).

2. அந்த இடம் யாருக்குச் சொந்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் புல எண் (சர்வே நம்பர்) வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் குளத்தைக் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார். புல எண் கிடைத்ததும் வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டு விவரத்தையும் புல வரைபடத்தையும் எடுக்கலாம். அ-பதிவேட்டில் அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், தோப்பு, தரிசு என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். பின்னால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மனுவும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கும். ஊரில் வழங்கும் பெயரும் பதிவேட்டுப் பெயரும் வேறாக இருப்பது சகஜம், குழம்ப வேண்டாம்.

அடுத்தது, பொறுப்பு யாருடையது என்பது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் கையில். கோயில் குளமென்றால் அறநிலையத் துறை. தவறான அலுவலகத்துக்கு மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்கள் நிறைய.

3. நாங்க டவுன்ல இருக்கோம். மனைப்பிரிவுல பூங்காவுக்குன்னு விட்ட இடம் குப்பைமேடாக் கிடக்கு. அது நிஜமாவே பூங்கா இடம்தானா?

அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைப் பாருங்கள். அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம். மனை வாங்கியவர்களில் யாராவது ஒருவரிடம் நகல் இருக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ளதென்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டியிருக்கவும் வழி உண்டு.

ஓட்டை இருப்பது தானப் பத்திரத்தில்தான். வரைபடத்தில் பச்சை வண்ணம் இருக்கும், பத்திரம் பதிவாகியிருக்காது, அல்லது பதிவாகியும் உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவேட்டில் ஏறாத இடத்துக்கு வேலியும் வராது, விளக்கும் வராது. பத்து வருடம் கழித்து யாராவது பட்டாவோடு வந்து நிற்பார்.

4. பறவை, பூச்சி பேர்கூட எங்களுக்குத் தெரியாதே. என்னென்ன இருக்குன்னு எப்படிப் பட்டியல் போடுறது?

பெயர் பிறகு வரும், பழக்கம் முதலில் வரட்டும். மாதம் ஒருமுறை, ஒரே தேதியை ஒட்டி, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், ஒரே பாதையில் நடங்கள். குறைந்தது 15 நிமிடம். பார்த்ததை எண்ணிக்கையோடு எழுதுங்கள். ‘நிறைய கொக்கு’ என்று எழுதினால் எதற்கும் உதவாது, ‘உண்ணிக்கொக்கு 34’ என்று எழுதினால் உதவும். இ-பேர்டு செயலியில் ஏற்றினால் நாளும் இடமும் தானே பதிவாகி, யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணமாகிவிடும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தால், தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார்கள்.

8x42 அளவுள்ள ஓர் இருநோக்கி குழுவுக்குப் போதும். ஆடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தில் எந்த மாதம் கூடு வைக்கும், உடும்பு எந்தப் பொந்தில் கிடக்கும் என்பதை அவர்கள் அளவுக்கு எந்தச் செயலியும் சொல்லாது. உள்ளூர்ப் பெயரை அப்படியே எழுதி, சரியான இனம் எது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுமே காணாத மாதத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

5. பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு ஊராட்சியிலேயே இருக்காமே?

இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்தக் குழு அமைய வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கும், உறுப்பினருக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது. ஊராட்சிச் செயலரிடம் பட்டியலும் பதிவேடும் கேளுங்கள். 4-ஆம் கேள்வியில் சொன்னபடி ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால், அதைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகம் அன்றிலிருந்து அரசு ஆவணத்தின் ஒரு பகுதி.

இதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு, சிறப்பான இடங்களைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்க வழி செய்கிறது. தமிழ்நாட்டில் முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, 2022-இல், 193.42 ஹெக்டேர். அடுத்தது 2025-இல் திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி கோயில் காடு, அது 5 ஹெக்டேர்கூட இல்லை. ‘எங்க இடம் ரொம்பச் சின்னது’ என்று தயங்குபவர்களுக்குக் காசம்பட்டியைத்தான் காட்ட வேண்டும்.

6. கிராம சபையில தீர்மானம் போட்டா நிஜமாவே மதிப்பு இருக்கா?

அதுவே ஒரு தடையாணை ஆகிவிடாது. ஆனால் அது இல்லாமல் மேலே போவது கடினம். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-இல் ஏலம் முடிந்தபோது, சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. ஊர்வலம், சட்டப்பேரவைத் தீர்மானம் என்று அது வளர்ந்து, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மரபுத் தலம் என்ற அறிவிப்பு ஏற்கெனவே கையில் இருந்தது அந்த ஊர்களுக்குப் பெரிய பலம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொருளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். ‘இயற்கையைக் காக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், ‘புல எண் இன்னது, பரப்பு இவ்வளவு, வகைப்பாடு இது, இதை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது’ என்று எழுதுங்கள். தீர்மான எண்ணோடு நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். நகரமென்றால் பகுதி சபையும் வார்டு குழுவும் இருக்கின்றன.

7. சும்மா கிடக்கிற பொட்டல்தானே? அதுல மரம் நட்டா நல்லதுதானே?

பொட்டல் சும்மா கிடப்பதில்லை. சித்திரையில் ஒரு பொட்டலில் நடந்து பாருங்கள். ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். அப்படியே நின்று காலடியைக் கவனித்தால், சரளைக் கல்லுக்கு நடுவே உள்ளங்கை அளவுக் குழி, அதில் நான்கு முட்டை, கூர்முனை உள்பக்கம் பார்த்தபடி. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த இடத்தில் பொக்லைன் வைத்துக் குழி தோண்டினால் முட்டை போனது யாருக்கும் தெரியாமலே போகும். ஆள்காட்டி மட்டுமல்ல, வானம்பாடி, கௌதாரி, கல்கவுதாரி, முயல், உடும்பு எல்லாம் திறந்தவெளியை நம்பி வாழ்பவை. நிழல் விழுந்தால் புல் போகும், புல் போனால் இவையும் போகும்.

எங்கள் கருத்து இது: அ-பதிவேட்டில் மேய்க்கால் என்றோ தரிசு என்றோ இருக்கிற, புல்லும் காரைச் செடியும் சூரைப் புதரும் தானே வளர்ந்து நிற்கிற நிலத்தில் மரம் நடாதீர்கள். குப்பை கொட்டுவதையும் தீ வைப்பதையும் மண் அள்ளுவதையும் நிறுத்தினாலே போதும், அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

8. அப்போ மரம் எங்கதான் நடலாம்? என்ன மரம்?

ஏற்கெனவே குலைந்துபோன இடங்களில் நடுங்கள்: சாலையோரம், பள்ளி வளாகம், குப்பை அகற்றிய மனை, சிமென்ட் பூங்கா, வரத்துக் கால்வாயின் வெளி ஓரம். நீர் தேங்கும் இடத்துக்கு மருதம், நீர்க்கடம்பு, நாவல். வறண்ட மண்ணுக்கு வேம்பு, புங்கம், இலுப்பை, விளா, மஞ்சணத்தி. ஆலும் அரசும் அத்தியும் பறவைக்கு அள்ளிக் கொடுப்பவை, ஆனால் கட்டடத்துக்கும் குளத்தின் மதகுக்கும் பக்கத்தில் வைத்தால் வேர் பிளந்துவிடும். குறைந்தது 15 மீட்டர் தள்ளி வையுங்கள்.

மரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், புதரை மறந்துவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சிகளுக்கு வேண்டியது புழு தின்ன இலை. ஆவாரையில் ஒரு வகை, எருக்கில் ஒரு வகை, எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றில் வேறு வகை முட்டையிடும். நொச்சியும் ஆடாதோடையும் ஆடு தின்னாது என்பதால் வேலிக்கு உதவும். உண்ணிச்செடி பூ அழகாக இருக்கிறதென்று வைத்துவிடாதீர்கள், அது வெளிநாட்டுக் களை, பரவினால் பிடிக்க முடியாது.

9. போன வருஷம் 200 கன்னு நட்டோம், பாதிக்கு மேல பட்டுப்போச்சு. என்ன தப்பு?

பெரும்பாலும் நான்கில் ஒன்று. முதலாவது, நட்ட மாதம். ஜூனில் சுற்றுச்சூழல் நாளுக்கென்று நட்டால், தென்மேற்கு மழை எட்டாத மாவட்டங்களில் கன்று நேராக வெயிலுக்குப் போகிறது. புரட்டாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை இறங்கிய பிறகு நட்டால் வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, பையில் சுருண்ட வேர். பையைக் கிழிக்காமல் வைத்தவை, கிழித்தும் அடியில் வட்டமடித்த வேரை வெட்டாமல் வைத்தவை, இரண்டு மூன்று வருடம் பச்சையாக நின்று திடீரென்று சாயும்.

மூன்றாவது, குழி. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும், களியோ சுக்கானோ உள்ள இடத்தில் இரண்டடி. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, 5 கிலோ மக்கிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து அதையே முதலில் உள்ளே போடுங்கள். தண்டின் கழுத்து தரைமட்டத்தில் நிற்க வேண்டும், புதைந்தால் அழுகும். நான்காவது, இரண்டாவது கோடை. முதல் கோடையில் எல்லாரும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாரம் இருமுறை 10 முதல் 15 லிட்டர். இரண்டாவது கோடையில் ‘பிடிச்சிருச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்போதும் வாரம் ஒருமுறை 20 லிட்டர் வேண்டும். தூரைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சருகு போட்டு மூடுங்கள், தண்டை ஒட்டாமல். உங்களால் இரண்டு கோடை தண்ணீர் சுமக்க முடிகிற எண்ணிக்கைதான் நட வேண்டிய எண்ணிக்கை. அது 200 ஆக இருக்காது, 30 ஆக இருக்கலாம்.

10. மியாவாக்கி காடு போடலாமா?

ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடும் முறை அது. குப்பைமேடாக இருந்த நகர மனையில் நிழலும் திரையும் வேண்டுமென்றால் சரி. செலவும் தண்ணீரும் அதிகம். பொட்டலிலும் குளத்துக்குள்ளும் வேண்டவே வேண்டாம், காரணம் 7-இல் சொன்னதுதான்.

11. பனை விதை போடுறோம். கரையில எங்க போடணும், எப்போ முளைக்கும்?

கரையின் வெளிச்சரிவில், 10 அடி இடைவெளியில், ஓரடிக் குழியில் ஒரு விதை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தை எடுத்து, சதை நீக்கியோ அப்படியேயோ போடலாம். கரைமேல் நடக்கும் வழியை விட்டுவிடுங்கள். சும்மா தூவிவிட்டுப் போனால் பெரும்பாலானவை காய்ந்துவிடும் அல்லது பன்றி தோண்டித் தின்னும்.

ஒன்றிரண்டு மாதத்தில் முளை விடும், ஆனால் மேலே ஒன்றும் தெரியாது. பனை முதலில் கீழே போகும். நாம் பனங்கிழங்கு என்று தின்பது அந்தக் கீழே இறங்கிய முளையைத்தான். மாதக் கணக்கில் தரையில் அடையாளமே இருக்காது என்பதால், போட்ட இடத்தில் குச்சி நட்டு எண் எழுதி வையுங்கள். ‘முளைக்கவில்லை’ என்று தோண்டிப் பார்த்தே பலர் கெடுக்கிறார்கள். இருக்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும் ஊரில் சொல்லி வையுங்கள்.

12. சீமைக் கருவேலத்தை ஒரே மூச்சுல பொக்லைன் வச்சு எடுத்துடலாம்னு சொல்றாங்க. செய்யலாமா?

எடுக்க வேண்டிய மரம்தான், ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. பல குளங்களில் கொக்கும் நாரையும் அரிவாள் மூக்கனும் வேறு மரம் இல்லாததால் அதன்மேல்தான் கூடு கட்டுகின்றன. 4-இல் சொன்ன கணக்கு இங்கேதான் உதவும்: எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று பட்டியல் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம். விட்ட மரங்களுக்கு நடுவே நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வைத்து, அவை கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு மிச்சத்தை எடுங்கள். ஐந்தாறு வருட வேலை.

மேலே வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு வரும். துளிர்க்கும் மொட்டுகள் வேர்க்கழுத்தில், மண்ணுக்குக் கீழே இருக்கின்றன. அதனால் ஓரடி ஆழத்துக்குத் தோண்டி அந்தக் கட்டையோடு எடுக்க வேண்டும். காய் முற்றுவதற்குள் எடுப்பது முக்கியம். இனிப்புக் காயை ஆடுமாடு தின்னும், விதை சாணத்தோடு முளைக்கத் தயாராக வெளியே வரும், மண்ணிலும் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆகவே எடுத்த இடத்தில் மூன்று வருடம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவாகாமல் இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள்.

13. குளம் தூர் வாரும்போது பறவைக்கு இடைஞ்சல் இல்லாம எப்படிச் செய்யறது?

குளத்தைத் தொட்டியாக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டுவிட்டால் தண்ணீர் நிற்கும், உயிர் நிற்காது. உள்ளான் வகைகள் விரல் ஆழத் தண்ணீரில் இரை தேடுபவை, கொக்கு முழங்கால் ஆழத்தில், நீர்க்காகம் ஆழத்தில். ஆகவே குறைந்தது ஒரு பக்கமாவது ஐந்தடிக்கு ஓரடி என்ற கணக்கில் மெதுவாகச் சரிய வேண்டும். அந்தப் பக்கத்துக் கோரையும் சம்பும் அப்படியே இருக்கட்டும். ஆகாயத் தாமரையை மட்டும் முழுக்க எடுத்து, தண்ணீர் திரும்ப எட்டாத தூரத்தில் குவித்துக் காய வையுங்கள்.

ஆழத்திலும் எல்லை உண்டு. வண்டலுக்குக் கீழே உள்ள களிப்படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. மண்வெட்டியில் மணல் தெரிந்தால் நிறுத்துங்கள். அதைத் தாண்டித் தோண்டிய குளம் தை மாதத்திலேயே வற்றும். வண்டலை வயலுக்கு எடுக்க வட்டாட்சியரின் அனுமதி போதும், ஆனால் ‘வண்டல்’ என்று சொல்லி மணலும் கிராவலும் போகிறதா என்று நிற்க ஓர் ஆள் வேண்டும். வேலை நேரம்: நீர்ப்பறவைகள் மழையைப் பொறுத்து மார்கழி முதல் சித்திரை வரை கூட்டில் இருக்கும், எனவே குஞ்சு பறந்த பிறகு தொடங்குங்கள். அப்போது தரையில் ஆள்காட்டி முட்டை இருக்கும். இயந்திரம் இறங்கும் முன் ஒருமுறை நடந்து பார்த்து, கூட்டைச் சுற்றி நான்கு குச்சி நட்டு ஒதுக்கினால் போதும், ஒரு மாதத்துக்குள் குஞ்சு பொரித்து ஓடிவிடும்.

தூர் வாரிய கையோடு கொசுவுக்கென்று கம்பூசியா, கப்பி மீன்களை விடாதீர்கள், உள்ளூர் மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் அவை தின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடையே இருக்கிறது.

14. சிட்டுக்குருவிக் கூண்டு மாட்டி ஒரு வருஷமாச்சு. ஒண்ணும் வரலையே?

பக்கத்துத் தெருவிலாவது குருவி இருந்தால்தான் வரும், இல்லாத ஊருக்குக் கூண்டு குருவியைக் கொண்டுவராது. இருந்தும் வரவில்லை என்றால் அளவைப் பாருங்கள்: உள்தளம் 15க்கு 15 சென்டிமீட்டர், உயரம் 20 முதல் 25, வாசல் ஓட்டை 3.2 சென்டிமீட்டர். ஓட்டை பெரிதானால் மைனா வரும். வாசலில் உட்கார குச்சி வேண்டாம், காக்கைக்குத்தான் வசதி. எட்டுப் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், பூனை ஏற முடியாதபடி மாட்டுங்கள்.

கூடு வைத்தும் குஞ்சு பிழைக்காத இடங்கள் உண்டு. பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்குப் புழு வேண்டும். மருந்தடித்த புல்தரையும் குரோட்டன்ஸும் மட்டும் உள்ள தெருவில் புழுவுக்கு எங்கே போகும்? கூண்டுக்குச் செலவழிப்பதில் பாதியை 8-இல் சொன்ன புதர்களுக்குச் செலவழியுங்கள்.

15. மாடியில தண்ணி வைக்கலாம்ல? குரங்குக்கு பிஸ்கட் போடறது தப்பா?

தண்ணீர் தாராளமாக வைக்கலாம். அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவினால் கொசு வராது.

குரங்குக்குப் போடாதீர்கள். கையில் தின்னப் பழகிய கூட்டம் பிறகு பையைப் பிடுங்கும், வீட்டுக்குள் வரும், கடைசியில் கூண்டு வைத்துப் பிடித்துப்போகச் சொல்லி மனு கொடுப்பதும் அதே தெருதான்.

16. குஞ்சு கீழ விழுந்து கிடந்தா எடுத்து வளர்க்கலாமா? பாம்பு வந்தா?

இறகு முளைத்து, தத்தித் தாவும் குஞ்சு விழவில்லை, பறக்கப் பழகுகிறது. நாயும் பூனையும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். இறகில்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. கிளியையும் மைனாவையும் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ‘காப்பாத்தினேன்’ என்பது விலக்காகாது.

பாம்பென்றால் கண்ணை எடுக்காமல் தூர நின்று, 101-க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் படத்தையும் குழுவில் எல்லாருக்கும் பழக்கிவிடுங்கள், அடிபட்டுச் சாவது பெரும்பாலும் எலி பிடிக்கும் சாரைதான். கடித்தால் 108, கீறுவதும் கட்டுவதும் வேண்டாம்.

17. ரோடு அகலப்படுத்த மரம் வெட்டப் போறாங்களாம். நிறுத்த முடியுமா?

அரசு நிலத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அதன் தலைவர் ஆட்சியர். அனுமதி ஆணையைப் பார்க்கக் கேளுங்கள்: எத்தனை மரம், எந்தப் புல எண், மாற்றாக எத்தனை, எங்கே. ஆணையில் 12 இருக்கும், சுண்ணாம்பு அடையாளம் 19-இல் இருக்கும். இந்த இடைவெளியில்தான் உங்கள் வாதம் நிற்கும். ஒவ்வொரு மரத்தையும் எண் போட்டு, மார்பு உயரச் சுற்றளவை அளந்து, கூடு இருந்தால் படத்தோடு பதிந்து வையுங்கள்.

‘ஒன்றுக்குப் பத்து நடுவோம்’ என்ற பதிலில் மயங்க வேண்டாம். அந்தப் பத்துக்கு இரண்டாவது கோடையில் தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேளுங்கள் (9-ஆம் கேள்வி). பல நேரம் சாலையின் வளைவைச் சற்று மாற்றினாலே ஐந்தாறு பெரிய மரங்கள் தப்பும். அந்த மாற்றத்தை வரைந்து கொண்டுபோனால் பொறியாளர்கள் காது கொடுப்பார்கள், வெறும் எதிர்ப்புக்குக் கொடுப்பதில்லை.

18. ஆக்கிரமிப்பைப் பத்தி மூணு மனு கொடுத்தாச்சு. பதிலே இல்லை. அடுத்து என்ன?

மனுவின் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் மனுவே இல்லை. அடுத்து தகவல் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ‘இன்ன தேதியிட்ட மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை, கோப்புக் குறிப்பின் நகல், கடைசியாக நில அளவை செய்த தேதி’ என்று ஆவணமாகக் கேளுங்கள். ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எந்தச் சட்டத்தைச் சொல்வது என்பது 2-இல் கண்டுபிடித்த பொறுப்பைப் பொறுத்தது. பொதுப்பணித் துறை வழிவந்த பெரிய ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், மற்றப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனு மேல் மனு கொடுத்தே அந்தக் காலத்தைக் கழித்துவிடுபவர்கள் உண்டு.

19. ஊருக்குள்ளேயே எதிர்ப்பு. மீன் குத்தகைக்காரர் பறவையை விரட்ட வெடி போடுறார். அவர்கிட்ட என்னன்னு பேசறது?

அவர் பணம் கட்டி ஏலம் எடுத்தவர், அவருக்கு நீர்க்காகம் திருடன்தான். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை, வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தலைமுறைகளாகப் பறவையைக் காக்கிறார்கள் என்றெல்லாம் விவசாயியிடம் சொல்லலாம், எடுபடும். குத்தகைக்காரருக்கு அதில் லாபம் இல்லை. அதனால் அவரிடம் பேசுவதைவிட ஏல நிபந்தனையில் கை வைக்க வேண்டும்.

மீன்பாசி குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கில், ஜூலை முதல் ஜூன் வரை ஓடும். மே 1 கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள்: கூடு கட்டும் மாதங்களில் வெடியும் விஷமும் கூடாது, கூடுள்ள மரங்களைச் சுற்றி 50 மீட்டருக்குள் வலை இல்லை, குஞ்சு மீன் விடும் இடத்தில் மட்டும் மேல்வலை கட்டிக்கொள்ளலாம், இதற்கு ஈடாக ஏலத்தின் ஆரம்பத் தொகையில் குறைப்பு. மேல்வலையின் கண் சிறியதாக இருக்க வேண்டும், இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், தளர்ந்த பெரிய கண்ணில்தான் கொக்கு சிக்கிச் சாகும். விஷம் வைப்பது எந்தக் குத்தகையும் அனுமதிக்க முடியாத வனவிலங்குக் குற்றம் என்பதையும் ஏல அறிவிப்பிலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏலம் முடிந்த பிறகு நிபந்தனை சேர்க்க முடியாது, அப்புறம் அடுத்த ஜூலைதான்.